57 கிலோ: ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையா, ப்ரோ ரிங்கா?

காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ பாக்ஸிங் பழகும் இருபது வயதுப் பையனை எடுத்துக்கொள்வோம். காலையில் வெறும் வயிற்றோடு தராசில் ஏறினால் 59, 60 காட்டுகிறது. ஸ்டேட் மெடல் இருக்கிறது. நேஷனலுக்கு ஒருமுறை போய் வந்திருக்கிறான். வீட்டில் வேலைக்கு வழி பார்க்கச் சொல்கிறார்கள். எவரோ ஒரு புரமோட்டர், "ப்ரோ ஆயிடு தம்பி, நாலு ரவுண்டு ஃபைட் ரெடியா இருக்கு" என்று ஆசை காட்டுகிறார். ப்ரோ என்றால் காசுக்குச் சண்டை போடும் தொழில்முறை பாக்ஸிங்; மெடலுக்காக ஆடுவது அமெச்சூர். வாத்தியார் இரண்டுக்கும் தலையாட்டுகிறார். அந்தப் பையனும் அவன் வீட்டாரும் உட்கார்ந்து பேசுவதற்காகத்தான் இந்தக் கணக்கு.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: வேலை முதலில், ப்ரோ பிறகு. காரணம் வயது. ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு 18 முதல் 25 வயது வரைதான். அதில் தளர்வு கிடையாது. ப்ரோ ரிங்குக்கு அப்படி ஒரு கெடு இல்லை. உக்ரைன் வீரர் வசில் லோமசென்கோ 25 வயதில்தான் ப்ரோவாக முதல் சண்டை போட்டார். முந்தியதை விட்டுவிட்டுப் பிந்தியதைப் பிடித்தால் முந்தியது திரும்பக் கிடைக்காது. இந்த வரிசை பொருந்தாத ஆட்களும் உண்டு. அவர்களைப் பற்றியும் கீழே வரும்.

தராசு கேட்கும் கேள்வி

ப்ரோவில் ஃபெதர்வெயிட் என்றால் 126 பவுண்டு, அதாவது 57.15 கிலோ. அமெச்சூரிலும் பாரிஸ் ஒலிம்பிக் வரை ஆண்களுக்கு 57 கிலோப் பிரிவு இருந்தது. 2025-ல் அமெச்சூர் பாக்ஸிங்குக்கான சர்வதேச அமைப்பான வேர்ல்டு பாக்ஸிங் பிரிவுகளை மாற்றியபோது ஆண்களுக்கு 50, 55, 60, 65 என்று ஐந்து ஐந்தாகப் போய்விட்டது. 57 காணாமல் போனது. பெண்களுக்கு மட்டும் 57 அப்படியே இருக்கிறது. ஆக நம் பையன் அமெச்சூரில் இருந்தால் 55-க்கு இறங்க வேண்டும், இல்லை 60-ல் நிற்க வேண்டும். ப்ரோ போனால் 57.15.

எண்ணைப் பார்த்தால் இரண்டு கிலோ வித்தியாசம்தான். உடம்புக்கு அது வேறு மாதிரி. அமெச்சூரில் சண்டை இருக்கும் ஒவ்வொரு நாளும் காலையில் எடை பார்ப்பார்கள். அன்றைக்கே ரிங் ஏற வேண்டும். ஃபைனல் வரை போனால் ஒரு வாரத்தில் நான்கைந்து முறை அதே எடையைக் காட்ட வேண்டும். ப்ரோவில் சண்டைக்கு முந்தின நாள் ஒரே ஒரு முறைதான். அதற்குப் பிறகு உடம்பு தேற ஏறக்குறைய ஒரு நாள் இருக்கிறது.

60 கிலோ ஆள் 55-க்கு இறங்குவது என்றால் எட்டு சதவீதத்துக்கு மேல். அதை இறக்கி, வாரம் முழுக்கப் பிடித்தும் வைக்க வேண்டும். முதல் சண்டையில் வேகம் தெரியும், மூன்றாவது சண்டையில் கால் நகராது. சாதாரண நாளில் 57, 57 அரை நிற்பவனுக்கு மட்டும்தான் 55 சரிப்படும். அதுவும் மூன்று மாதம் எடுத்து மெதுவாக. 59-க்கு மேல் நிற்பவன் எடையைத் தொடாமல் 60-ல் ஆடலாம். ஆனால் 63, 64-லிருந்து இறங்கி வருகிறவர்கள் எதிரில் நிற்பார்கள். உயரமும் கை நீளமும் குறைந்தவனுக்கு அங்கே கஷ்டம்தான். உண்மையைச் சொன்னால், 60 கிலோ உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துவது ப்ரோ ஃபெதர்வெயிட்தான். சிக்கலே அதுதான்: உடம்பு ஒரு பக்கம் இழுக்கிறது, வயிற்றுப்பாடு இன்னொரு பக்கம்.

60-லிருந்து 57.15-க்கு வர எட்டு வாரம் வைத்துக்கொண்டால் போதும். ஒன்றரைக் கிலோவைச் சாப்பாட்டில் குறைக்கலாம்: இரவுச் சோற்றைப் பாதியாக்குவது, எண்ணெயை நிறுத்துவது, மத்தி, நெத்தி­லியைக் குழம்பில் போட்டுத் தின்பது. மிச்சம் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ கடைசி ஒன்றரை நாளில் தண்ணீராக இறங்கும். இங்கே பையன்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் கருவாடு. எடை பார்க்க இரண்டு நாள் இருக்கும்போது வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைத்தால், அந்த உப்பு தண்ணீரை உடம்பில் பிடித்து வைத்துக்கொள்ளும். முந்தின இரவு தராசு இறங்கவே இறங்காது. ஊறுகாய், அப்பளம், பாக்கெட் சிப்ஸ் எல்லாம் அதே கணக்குதான்.

அடுத்த தப்பு, பிளாஸ்டிக் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு எண்ணூர் விரைவுச்சாலையில் மே மாதப் பகலில் ஓடுவது. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழிகிறதே தவிர காய்வதில்லை. காய்ந்தால்தான் உடம்பு குளிரும். உள்சூடு ஏறி மயங்கி விழுவது அதனால்தான். ஓடுவதென்றால் விடியற்காலை ஐந்தரைக்குள் முடித்துவிட வேண்டும். கடைசி நாளில் ஓட்டமே வேண்டாம்.

எடை காட்டி முடித்ததும் பிரியாணிக்குப் பாய்வது இன்னொன்று. எண்ணெய் வயிற்றில் தங்கும், இரவு வாந்தி வரும். இழந்தது 1.3 கிலோ என்றால் இரண்டு லிட்டர் திரும்பப் போக வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்று என்ற கணக்கில் கலந்து, வாய் வாயாக மூன்று நான்கு மணி நேரத்தில் குடிக்க வேண்டும். கூடவே கஞ்சி, இட்லி. இரவுக்குச் சோறும் மீனும்.

பெரிய பட்டங்களுக்குப் போகப் போகத் தராசும் கெடுபிடியாகும். ப்ரோவில் உலகப் பட்டம் தரும் அமைப்புகளில் டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப். இரண்டும் உண்டு. டபிள்யூ.பி.சி. பட்டச் சண்டைக்கு 30 நாள் முன்பு எடை வரம்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஃபெதர்வெயிட்டுக்கு அது 62.9 கிலோ. ஏழு நாள் முன்பு 5 சதவீதம், அதாவது 60 கிலோ. ஐ.பி.எஃப். பட்டத்துக்குச் சண்டை நாள் காலையிலும் ஒருமுறை ஏற்றுவார்கள். வரம்புக்கு மேல் 10 பவுண்டு வரைதான், 61.7 கிலோ. ஆகவே 66 கிலோவில் திரிந்துகொண்டு "நான் ஃபெதர்வெயிட்" என்று சொல்கிறவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான்.

சம்பளமும் பர்ஸும்

ஏழாவது ஊதியக் குழுக் கணக்கில் ரயில்வேயின் முதல் நிலை அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய், இரண்டாம் நிலை 19,900, மூன்றாம் நிலை 21,700. சர்வதேச அளவில் ஆடியவர்களுக்கான நான்கு, ஐந்தாம் நிலைகள் 25,500, 29,200. இதன் மேல் பஞ்சப்படி, வீட்டுப்படி, மருத்துவம். போட்டிக்குப் போகும் நாட்கள் பணி நாட்களாகவே கணக்காகும். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு தனி. ராணுவத்தில் மெடல் உள்ளவர்களை நேரடியாக ஹவில்தார், நாயப் சுபேதார் பதவிகளில் எடுக்கும் வழியும் உண்டு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) ஆகட்டும், தெற்கு ரயில்வே ஆகட்டும், எல்லா ஆண்டும் எல்லா விளையாட்டுக்கும் இடம் வராது. அறிவிப்பில் பாக்ஸிங் இருக்கிறதா, எந்த எடைப் பிரிவு, எந்தத் தேதிக்குப் பிந்தைய மெடல் செல்லும் என்று வரிக்கு வரி படிக்க வேண்டும். பழைய மெடலை நம்பி உட்கார்ந்திருந்தவர்கள் தவறவிட்டது இந்தத் தேதியில்தான்.

இனி ப்ரோ. ஒரு கணக்குக்கு, நான்கு ரவுண்டு சண்டைக்கு 60,000 ரூபாய் பர்ஸ், அதாவது சண்டைக் கூலி, பேசியிருக்கிறார்கள் என்று வைப்போம். மேனேஜருக்கு 25 சதவீதம் போனால் 15,000. டிரெய்னருக்கு வழக்கமான 10 சதவீதம் 6,000. கையில் 39,000. தயாரிப்பு எட்டு வாரம் என்றால் மாதம் 19,500. இரண்டாம் நிலை ரயில்வே ஊழியரின் அடிப்படைச் சம்பளத்தைவிடக் குறைவு. அதிலும் சாப்பாடு, ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) பார்ட்னர், மருத்துவப் பரிசோதனை எல்லாம் இன்னும் கழியவில்லை. ஆண்டுக்கு நான்கு சண்டை கிடைத்தால் மொத்தம் 1,56,000, மாதத்துக்கு 13,000. நான்கு கிடைப்பதே ஆரம்பத்தில் பெரிய விஷயம். உலகப் பட்டச் சண்டைக்குப் போனால் பட்ட அமைப்புக்குக் கட்டணமும் உண்டு, பெரும்பாலும் பர்ஸில் 3 சதவீதம்.

பரிசோதனைப் பட்டியலும் நீளமானது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, ஈ.சி.ஜி., கண்மணியை விரித்துப் பார்க்கும் கண் பரிசோதனை, மூளை ஸ்கேன். ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு மேல் செல்லாது. வெளிநாட்டுச் சண்டை என்றால் இதை யார் கட்டுவது என்று முதலிலேயே எழுத்தில் வாங்க வேண்டும்.

ஆட்டமே வேறு

அமெச்சூரில் மூன்று நிமிடம், மூன்று ரவுண்டு, ஐந்து நடுவர்கள், 10 அவுன்ஸ் கிளவுஸ். முதல் ரவுண்டைக் கோட்டை விட்டால் மீதி ஆறு நிமிடத்தில் மீட்பது கடினம். ப்ரோவில் நான்கு ரவுண்டில் தொடங்கி ஆறு, எட்டு, பத்து, உலகப் பட்டத்துக்குப் பன்னிரண்டு. மூன்று நடுவர்கள், 8 அவுன்ஸ் கிளவுஸ். அந்த இரண்டு அவுன்ஸ் என்பது 57 கிராம் மெத்தைதான், ஆனால் வித்தியாசத்தை முதலில் உணர்வது எதிராளியின் விலா அல்ல, அடிக்கிறவனின் கை. மண்டை உச்சியில் போய் மோதும் ஹூக்கில் (வளைத்து விடும் குத்தில்) சுண்டுவிரல், மோதிரவிரல் பக்கத்து எலும்பு உடையும். அமெச்சூரில் துணிப்பட்டை சுற்றிப் பழகியவனுக்கு ப்ரோவில் காஸும் டேப்பும் வைத்துக் கட்டத் தெரிந்த ஆள் வேண்டும். நம்மூரில் அப்படிக் கட்டத் தெரிந்த கைகள் குறைவு.

யார் எந்த ஆட்டத்துக்கு என்று பார்க்க ஒரு சோதனை. 16 அவுன்ஸ் கிளவுஸில் ஆறு ரவுண்டு ஸ்பாரிங், இரண்டு ரவுண்டுக்கு ஒரு புது ஆள். ஐந்தாவது, ஆறாவது ரவுண்டில் ஜாப் (முன் கையின் நேர்க்குத்து) போட்ட கை தாடைக்குத் திரும்புகிறதா, இடுப்போடு விழுகிறதா? மெதுவாகச் சூடேறி, விலாவைக் குத்திக் குத்தி, நான்காவது ரவுண்டில் ஆளை நிறுத்துகிறவன் அமெச்சூரில் தோற்றுக்கொண்டே இருப்பான். ப்ரோவில் அவன் வேறு ஆள். நேஷனலில் இரண்டு மூன்று முறை முயன்றும் மெடல் கிட்டாத இந்த வகைப் பையனுக்கு எங்கள் வரிசை பொருந்தாது. கோட்டா எப்படியும் வரப்போவதில்லை என்றால், 22-லேயே ப்ரோ போவதில் அவனுக்கு நட்டமில்லை. பகலில் ஒரு வேலை கையில் இருந்தால்.

மூன்று ரவுண்டில் பாயின்ட் எடுத்து நழுவுகிறவனுக்கு நேர்மாறு. அவனுடைய மெடலுக்கு இங்கே விலை உண்டு.

சாம்பியன்கள் வந்த வழி

டிக்கெட் வைத்து, காசு வாங்கி, ஊர் பார்க்கச் சண்டை போடுவது வடசென்னைக்குப் புதிதல்ல. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை பிரிந்து கண்ணப்பர் திடலில் நடந்த ரோஷமான குத்துச்சண்டையும் ஒரு வகையில் ப்ரோதான். அந்தப் பெருமை பேசச் சுகம். ரேங்கிங்கில் அதற்கு இடமில்லை.

நமக்கு நெருக்கமான ஒப்பீடு கானா நாட்டின் அக்ரா. கடலோர மீனவப் பகுதியான புக்கோமும் சுற்றுவட்டாரமும் உலகச் சாம்பியன்களைத் தந்துகொண்டே இருந்தன. கானாவின் முதல் உலகச் சாம்பியன் டேவிட் கோட்டே 1975-ல் வென்றது இதே ஃபெதர்வெயிட் பட்டம். அவர் மீன் இறக்குமதிக்காக அரசுக்குக் கடனாகக் கொடுத்த 45,000 டாலர் திரும்பி வர நாற்பது ஆண்டுக்கு மேல் ஆனது. பர்ஸ் வாங்குவது ஒரு திறமை, அதைக் காப்பது வேறு திறமை. அவருக்குப் பின் வந்த அசுமா நெல்சன் 1978 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கிவிட்டுத்தான் ப்ரோ ஆனார். 1982-ல் குறுகிய கால அழைப்பில் அப்போதைய சாம்பியன் சால்வடார் சாஞ்செஸை எதிர்கொண்டு 15-வது ரவுண்டில் வீழ்ந்தார். தோற்ற அந்தச் சண்டைதான் அவரை உலகுக்குக் காட்டியது. 1984-ல் பட்டம் வந்தது.

லோமசென்கோ 2008-ல் 57 கிலோவிலும் 2012-ல் 60 கிலோவிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். ப்ரோவில் இரண்டாவது சண்டையிலேயே உலகப் பட்டத்துக்கு மோதித் தோற்றார், மூன்றாவதில் ஃபெதர்வெயிட் பட்டம். அந்தக் குறுக்குவழியை வாங்கித் தந்தது அமெச்சூர் பெயர். பெயரில்லாமல் போகிறவன் பெரிய அமைப்புகளின் முதல் 15 இடத்துக்குள் நுழைந்தால்தான் உலகப் பட்டத்துக்குக் கேட்க முடியும். அதற்கு ஆசிய அளவிலான பட்டங்கள், அதற்கு முன் பத்துப் பதினைந்து வெற்றிகள். ஐந்தாறு ஆண்டு வேலை.

பட்டம் வந்தபின்னும் நிலைக்கும் என்பதில்லை. 1985-ல் ஃபெதர்வெயிட் சாம்பியன் பெட்ரோசாவை வென்று பட்டம் பிடித்த அயர்லாந்தின் பாரி மக்கிகன், அடுத்த ஆண்டு லாஸ் வேகஸ் திறந்தவெளியில், 40 டிகிரியைத் தாண்டிய வெயிலில், கடைசி நேர மாற்று ஆளான ஸ்டீவ் குரூஸிடம் 15 ரவுண்டில் இழந்தார். நீரிழப்போடு மருத்துவமனைக்குப் போனார். சென்னை வெயிலில் பயிற்சி எடுக்கிறவர்கள் நினைவில் வைக்க வேண்டிய சண்டை அது.

வேலையில் இருந்தபடி ப்ரோ

இதுதான் நாங்கள் சொல்லும் வழி, ஆனால் வழியில் ஒரு முள். அரசு ஊழியர் அனுமதி வாங்காமல் வெளியில் பணத்துக்கு ஆட முடியாது. விஜேந்தர் சிங் 2015-ல் ப்ரோ ஆனபோது ஹரியானா காவல் துறையில் டி.எஸ்.பி.; அந்த அனுமதி விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. ஒலிம்பிக் மெடல் வாங்கியவருக்கே அப்படி என்றால், மூன்றாம் நிலை ஊழியர் வாய்மொழிச் சம்மதத்தை நம்பக் கூடாது. தகுதிகாண் காலம் முடிந்தபின் துறைக்கு எழுதி, பதிலைக் கையில் வாங்கிய பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்து.

ப்ரோ போய்விட்டுத் திரும்பி வர முடியுமா? விகாஸ் கிருஷன் 2019-ல் ப்ரோவில் ஆடிவிட்டு வந்து டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். ஆனால் விதி அவ்வப்போது மாறும். போவதற்கு முன்பே இந்திய பாக்ஸிங் கூட்டமைப்பிடம் எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

அமெச்சூர் பக்கமும் எல்லாம் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். 2012 டிசம்பரில் அப்போதைய இந்திய பாக்ஸிங் சங்கத்தைச் சர்வதேச அமைப்பு தடைசெய்தது. 2016-ல் இப்போதைய கூட்டமைப்பு வரும்வரை நம் வீரர்கள் பட்டபாடு கொஞ்சமல்ல. இன்றும் "நேஷனல் சாம்பியன்ஷிப்" என்று பெயர் வைத்து அங்கீகாரமில்லாத அமைப்புகள் போட்டி நடத்துகின்றன. கட்டணம் கட்டி, மெடல் வாங்கி, ஃபோட்டோவும் எடுத்துக்கொள்வார்கள். கோட்டாவுக்கு அது செல்லாது. கேட்கப்படுவது குறித்த படிவத்தில் சான்று: சர்வதேசப் போட்டிக்குப் படிவம் 1, தேசிய அளவுக்கு 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலானதற்கு 3, பள்ளி அளவுக்கு 4. போட்டி முடிந்த மாதமே கையெழுத்து வாங்கிவிட வேண்டும். செயலாளர் மாறிவிட்டால் பழைய போட்டிக்குக் கையெழுத்து வாங்க அலையாய் அலைய வேண்டும்.

ப்ரோ ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. எத்தனை ஆண்டு, தானாக நீளும் பிரிவு உண்டா? ஆண்டுக்குக் குறைந்தது எத்தனை சண்டை தருவார்கள், தராவிட்டால் விலகலாமா? பேசும் பர்ஸ் கழிவுக்கு முந்தியதா, பிந்தியதா? பாங்காக்கிலோ துபாயிலோ சண்டை என்றால் டிக்கெட், தங்குமிடம், உடன் வரும் வாத்தியாரின் செலவு யாருடையது? இதைவிட முக்கியம் எதிராளி. நான்கு நாள் இருக்கும்போது "ஆள் மாறிட்டான், இவனும் உன் எடைதான்" என்று ஃபோன் வந்தால், அந்த ஆளின் ரெக்கார்டைப் பார்க்காமல் சரி என்று சொல்லக் கூடாது. உள்ளூர் ஆளை ஜெயிக்க வைக்க வெளியூரிலிருந்து அழைத்து வரும் ஆளாக நீங்கள் இருக்கலாம். முதல் பத்துச் சண்டையில் மூன்று தோல்வி என்றால் அதற்குப் பிறகு வரும் அழைப்பெல்லாம் அந்த வகைதான்.

பெண்களுக்கு இந்தக் குழப்பம் பாதிதான். அமெச்சூரில் 57 கிலோ அப்படியே இருக்கிறது. 2025-ல் லிவர்பூல் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஜெய்ஸ்மின் லம்போரியா தங்கம் வென்றது அந்தப் பிரிவில்தான். ப்ரோவில் பெண்களுக்குப் பொதுவாக இரண்டு நிமிட ரவுண்டு, பட்டத்துக்குப் பத்து ரவுண்டு. அமெச்சூரில் மூன்று நிமிடம். இன்றைய நிலையில் இங்குள்ள 57 கிலோப் பெண் ப்ரோவை யோசிக்கவே வேண்டாம் என்பது எங்கள் எண்ணம்.

எந்த வழி போனாலும் தலை ஒன்றுதான். 2025 ஆகஸ்டில் டோக்கியோவில் ஒரே நிகழ்ச்சியில் ஆடிய இருவர், ஒருவர் சூப்பர் ஃபெதர், ஒருவர் லைட்வெயிட், மூளை ரத்தக்கசிவால் இறந்தார்கள். இரண்டும் நம் பையனுக்கு மேலே அடுத்தடுத்த எடைகள். சண்டை முடிந்த இரவு அவனைத் தனியாகப் படுக்க விடக் கூடாது. தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தாலோ, தைலம் தேய்த்துத் தூங்க வைக்காமல் உடனே ஸ்டான்லிக்கோ சென்ட்ரல் எதிரில் ஜி.எச்.-சுக்கோ கொண்டுபோக வேண்டும். போனதும் அங்கே முதலில் சொல்ல வேண்டியது, "தலையில அடி, பாக்ஸிங், இத்தனை மணிக்கு" என்பதை.